தேய்ந்த பட்டறைக்கல்லுக்கு மூன்று விலை: தேவகோட்டையிலிருந்து திருப்பாச்சேத்தி வரை

பழைய இரும்புக்காரர் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "எழுபத்தோரு கிலோ இருநூறு கிராம்ணே. கிலோ முப்பதுன்னு போட்டுக்கலாம்" என்றார். போனில் கால்குலேட்டரைத் திறந்து கணக்குப் போட்டுத் திரையை என் பக்கம் திருப்பினார். 2,136 ரூபாய்.

"ரெண்டாயிரத்து இருநூறா வாங்கிக்கங்க. தூக்குற கூலி என்னோடது."

தேவகோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டுக்கு அடுத்த வாரம் பத்திரப்பதிவு. மதுரையிலிருந்து அக்கா வந்து அப்பத்தாவின் பித்தளைப் பானைகளை எடுத்துப் போய்விட்டாள். கோயம்புத்தூர்த் தம்பி தேக்கு பீரோவை லாரியில் ஏற்றிவிட்டான். கடைசியாக மிஞ்சியது கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியில் கிடந்த பட்டறைக்கல்தான். யாரும் கேட்காததால் அது என் பொறுப்பாகிவிட்டது.

பட்டறைக்கல் என்றதும் கல் என்று நினைத்துவிடாதீர்கள். கொல்லர் பட்டறையில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கனத்த இரும்புத் திண்டு. சில ஊர்களில் அடைகல் என்பார்கள். பட்டடை என்ற பழைய பேரும் உண்டு. எங்கள் வீட்டில் இருந்தது நம்மூர்ச் சதுரக் கட்டி அல்ல. ஒரு பக்கம் காண்டாமிருகக் கொம்பு மாதிரி கூம்பிய மூக்கும், மறுபக்கம் வால் மாதிரி நீண்ட தளமும், நடுவில் ஒடுங்கிய இடுப்புமாக இருக்கும் சீமைக் கல். மேல்தளம் நடுவில் குழிந்து, ஒரு பக்க விளிம்பு எலி கடித்த ரொட்டி மாதிரி உடைந்திருக்கும்.

சின்ன வயதில் நாங்கள் அதில் வாதாங்கொட்டை உடைத்திருக்கிறோம். தீபாவளிக்குப் பொட்டு வெடி வைத்துக் கருங்கல்லால் அடித்திருக்கிறோம். அதற்கு வேறு உபயோகம் இருந்ததை நாங்கள் பார்த்ததே இல்லை. தாத்தா காலத்தோடு பட்டறை மூடியாகிவிட்டது. அப்பா தாலுகா ஆபீஸ் கிளார்க். 'ஆசாரி வீட்டுப் பையன்' என்று யாராவது சொன்னால் அப்பாவின் முகம் மாறும். பட்டறையைப் பற்றி வீட்டில் பேச்சே வராது. துருத்தி, சம்மட்டி எல்லாம் எப்போது எங்கே போயின என்று எங்களுக்குத் தெரியாது. இந்தக் கல்லை மட்டும் யாராலும் தூக்க முடியாததால் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று இரும்புக்காரரை அனுப்பிவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மண்ணும் பறவை எச்சமும் போனதும் இடுப்புப் பகுதியில் ஏதோ எழுத்து தெரிகிற மாதிரி இருந்தது. இதற்கு ஒரு சின்ன உத்தி. சாக்பீஸ் பொடியைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, இருட்டிய பிறகு போனின் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மழுங்கிப்போன எழுத்துகூட நிழல் கட்டி எழுந்து நிற்கும். அப்படித்தான் 'பீட்டர் ரைட்' என்ற பெயரும் 'பேடன்ட்' என்ற சொல்லும் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே தள்ளித் தள்ளி மூன்று எண்கள்: 1, 1, 20.

பீட்டர் ரைட் என்பது இங்கிலாந்தின் டட்லி நகரத்துப் பட்டறைக்கல் கம்பெனி. உலகம் முழுக்க அவர்களுடைய கற்கள் போயிருக்கின்றன. அந்த எண்களை வருஷம் என்றோ வரிசை எண் என்றோ நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அது எடை. முதல் எண் அந்தர், அதாவது 112 பவுண்டு. நடு எண் கால் அந்தர், 28 பவுண்டு. கடைசி எண் மிச்சமுள்ள பவுண்டு. அதனால்தான் நடுவில் 3க்கு மேலும், கடைசியில் 27க்கு மேலும் எண் வராது. வந்தால் அது அந்தக் கணக்கே இல்லை. எங்கள் கல்லுக்கு 112, 28, 20. கூட்டினால் 160 பவுண்டு. கிலோவில் எழுபத்திரண்டரைக்குக் கொஞ்சம் மேலே.

இரும்புக்காரர் தராசு காட்டியது 71.200. தராசும் முத்திரையும் துல்லியம் என்று வைத்துக்கொண்டால், தேய்ந்தும் உடைந்தும் போனது ஒன்றரைக் கிலோகூட இல்லை. அத்தனை வருஷம் சம்மட்டி அடி வாங்கியதற்கு இவ்வளவுதான் செலவா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இது எப்படி எங்கள் ஊருக்கு வந்தது என்பதற்கு அப்பத்தா சொன்ன கதை ஒன்றுதான் ஆதாரம். நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை, 1928 வாக்கில் திருச்சி பொன்மலைக்கு இடம் மாறியது. அப்போது கழித்துக் கட்டிய சாமான்களை ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து கொள்ளுத்தாத்தா வாங்கி, மாட்டு வண்டியில் கொண்டு வந்தாராம். ரயில்வே மாறியது வரலாறு. வண்டியில் வந்தது அப்பத்தாவின் வாக்கு. இரண்டுக்கும் நடுவில் ரசீது எதுவும் இல்லை.

மறுநாள் ஒரு குட்டியானையை வாடகைக்குப் பிடித்தேன். டாடா ஏஸ் வண்டிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். டிரைவர் தம்பியும் நானும் இன்னும் இரண்டு பேரும் பலகை சாய்த்து, உருளைக் கட்டை வைத்து ஏற்றினோம். முதல் நிறுத்தம் காரைக்குடி.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகாதவர்கள் ஒருமுறையாவது போகவேண்டும். வாங்க வேண்டாம், பார்க்கப் போகலாம். செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது வெளியே வரும் எல்லாமே அந்தத் தெருவில் வந்து குவியும். பர்மா தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், எனாமல் தூக்குச்சட்டிகள், ரவிவர்மா படங்கள், யாருடைய கல்யாணத்திலோ எடுத்து யாருக்குமே வேண்டாமல் போன கறுப்பு வெள்ளை புகைப்படங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் விறைத்துக்கொண்டு நம்மைப் பார்க்கிற அந்தப் படங்களைத் தாண்டும்போது மட்டும் நான் வேகமாக நடப்பேன்.

கடைக்காரர் மரியாதையானவர். டீ வாங்கிக் கொடுத்தார். வண்டியிலேயே ஏறிப் பார்த்தார். பெயரைப் பார்த்ததும் அவர் கண்ணில் ஒரு மினுக்கம். "பதினாலாயிரம் தர்றேன். ஒரு ரிசார்ட்டுக்காரங்க வாசல்ல வைக்கிறதுக்கு இந்த மாதிரி கேட்டிருக்காங்க. ஆனா இப்படி இருந்தா எடுக்க மாட்டாங்க சார். மேல கிரைண்டர் போட்டுக் குழியை எடுத்துட்டு, உடைஞ்ச விளிம்புல வெல்டிங் வச்சு நிரப்பி, கறுப்பு பெயின்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும். அந்த வேலையை நீங்களே முடிச்சுக் கொண்டுவந்தா இருபதாயிரம். பட்டறை பின்னாலயே இருக்கு, ரெண்டு மணி நேர வேலை."

தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணே, இதுல யோசிக்க என்ன இருக்கு? இருபதை மூணாப் பிரிச்சா ஆளுக்கு ஆறாயிரத்துச் சொச்சம். மரத்தடியில கிடந்தது" என்றான். அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். தொழில் தெரிந்த குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் அந்தக் குழி நல்லதா கெட்டதா என்றுகூட எனக்குத் தெரியாது.

டிரைவர் தம்பிதான் குறுக்கே வந்தார். "சார், எங்க மாமா திருப்பாச்சேத்தியில பட்டறை வச்சிருக்காரு. நாப்பது வருஷமா அரிவாள் அடிக்கிறவரு. கிரைண்டர் போடுறதுக்கு முன்னாடி அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே. டீசல் காசு மட்டும் குடுங்க, போதும்."

சிவகங்கை வழியாக மானாமதுரைப் பாதையைப் பிடித்தோம். இந்தப் பக்கத்து மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வறண்ட கண்மாய், கண்மாய்க்குள் சீமைக்கருவேலம், அங்கங்கே கரிமூட்டத்திலிருந்து எழும் புகை. சீமைக்கருவேலத்தைத் திட்டாத விவசாயி கிடையாது. ஆனால் அதைச் சுட்டு எடுக்கும் கரிதான் இந்த வட்டாரத்துக் கொல்லர் உலைகளுக்குத் தீனி. இரும்பை நெகிழ வைக்கிற சூடு இங்கே ரோட்டோரத்திலேயே விளைகிறது.

மானாமதுரையில் சாப்பிட இறங்கினோம். வைகைக் கரையில் இருக்கும் இந்த ஊர், மண்பாண்டத்துக்குப் பேர்போனது. கச்சேரி மேடையில் வாசிக்கும் கடம் இங்கிருந்துதான் போகிறது. 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஹோட்டலுக்கு எதிரே ஒரு கடையில் ஓர் அம்மா பானைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் தட்டித் தட்டி இரண்டு பக்கமாகப் பிரித்துக்கொண்டிருந்தார். "கண்ணுக்குத் தெரியாத கீறல் காதுக்குத் தெரியும்" என்றார், நான் கேட்காமலேயே. இரண்டு மணி நேரத்தில் இதே வார்த்தையை வேறொருவர் வாயிலிருந்து கேட்கப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மானாமதுரையிலிருந்து மதுரை போகும் நெடுஞ்சாலையில் வருகிறது திருப்பாச்சேத்தி. 2005இல் விஜய் நடித்து வந்த 'திருப்பாச்சி' படத்துக்குப் பிறகு இந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் வீச்சரிவாள்தான் ஞாபகம் வருகிறது. ஆனால் கடையில் தொங்குவதைப் பார்த்தால் கதை வேறு. கதிர் அறுக்க ஓர் அரிவாள், பாளை சீவ ஓர் அரிவாள், விறகு வெட்ட ஓர் அரிவாள், கறிக்கடைக் கத்தி, கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் வாங்கும் ஆள் உயர அரிவாள். வாங்குகிறவர் பெயர், ஊர், போன் நம்பர் எழுத ஒரு நோட்டு. நோட்டில் அன்றைய தேதியில் மூன்று பேர் எழுதியிருந்தார்கள். மூன்று பேருமே வாங்கியது கதிர் அரிவாள்.

மாமாவுக்கு எழுபது வயதிருக்கும். இடுப்பில் லுங்கி, காதில் சொருகிய சாக்பீஸ் துண்டு. உலைக்குக் காற்று ஊதத் துருத்தி இல்லை, மோட்டார் புளோயர். பக்கத்துக் கொட்டகையில் மகன் எந்திரச் சம்மட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மாமா மட்டும் ஓரமாக, புளியமரக் கட்டையில் பதித்த சதுரக் கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தக் கல்லும் நடுவில் குழிந்துதான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"ஐயா, இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லணும்" என்றேன்.

வண்டியில் வைத்தபடியே சுத்தியலால் ஒரு தட்டு தட்டினார். 'டப்' என்று கேட்டது. என் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்தார். "பயப்படாத தம்பி. சாக்கு மேல உக்காந்திருக்கு, சத்தத்தைச் சாக்கு குடிச்சிரும். இறக்கிக் கட்டையில வை."

நான்கு பேர் சேர்ந்து இறக்கி, கனமான மரக்கட்டை மேல் நிறுத்தினோம். இப்போது சின்னச் சுத்தியலை எடுத்து, வால் பக்கத்திலிருந்து மூக்குப் பக்கம் நோக்கி ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டு வந்தார். கோயில் மணி மாதிரி கணீர் என்று கேட்டது. கொட்டகையில் எந்திரத்தை நிறுத்திவிட்டு மகன் எட்டிப் பார்த்தார். உடைந்த விளிம்பின் ஒரு மூலைக்கு வந்ததும் சத்தம் சட்டென்று அடங்கி 'டக்' என்றது. திரும்ப அதே இடத்தில் தட்டினார். திரும்பவும் 'டக்'.

"இங்க விட்டுப்போச்சு. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்" என்றார். காதிலிருந்த சாக்பீஸை எடுத்து அந்த மூலையைச் சுற்றி ஒரு கோடு போட்டார்.

எது எதிலிருந்து விட்டுப்போச்சு? அதைப் புரிந்துகொள்ள அவர் என்னைக் குனிய வைத்துப் பக்கவாட்டைக் காட்டினார். மேல்தளத்துக்குக் கீழே தலைமுடி கனத்தில் ஒரு கோடு கல்லின் நீளத்துக்கும் ஓடியது. அந்தக் காலத்துச் சீமைக் கற்கள் ஒரே உலோகம் இல்லை. உடம்பு முழுக்க இளகிய தேனிரும்பு. மேலே மட்டும் கெட்டியான எஃகுத் தகடு. இரண்டையும் பழுக்கக் காய்ச்சி அடித்தே ஒட்டியிருப்பார்கள். அடியை வாங்குவது தகடு, தாங்குவது உடம்பு. இடுப்பிலும் அடியிலும் இருந்த சதுர ஓட்டைகளைக் காட்டி, "செய்யும்போது கம்பி சொருகித் தூக்கிப் பிடிச்ச ஓட்டை. வார்ப்புல ஊத்துனதுக்கு இது வேண்டியதில்ல. இது அடிச்சுச் செஞ்சது" என்றார்.

அதோடு ஓர் எச்சரிக்கையும். சத்தம் வராத கல் எல்லாம் கெட்ட கல் இல்லை. வார்ப்பிரும்பு உடம்பில் எஃகுத் தளம் வைத்து அமெரிக்காவில் செய்த ஃபிஷர் கற்கள், நல்ல நிலையில் இருந்தாலும் ஊமையாகத்தான் இருக்கும் என்று பிறகு படித்தேன். அதனால் காதை மட்டும் நம்பக் கூடாது. மாமாவும் நம்பவில்லை.

"டேய், அந்தக் குண்டை எடு" என்றார். பத்தாவது படிக்கும் பேரன் லாரி பேரிங்கிலிருந்து கழற்றிய, கோலி அளவு எஃகுக் குண்டைக் கொண்டு வந்தான். கையோடு போனையும் எடுத்துக்கொண்டான். மாமா குண்டைக் கல்லின் மேல் விட்டுக் கண்ணாலேயே பார்ப்பவர். பேரன் வேறு மாதிரி. பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் நிறுத்தி, பத்து அங்குல உயரத்திலிருந்து குண்டை விட்டு, ஸ்லோ மோஷனில் படம் பிடித்தான். நடுத்தளத்தில் போட்டால் எட்டு அங்குலத்துக்குத் திரும்ப எழும்பியது. மூக்கை ஒட்டிய பக்கம் எட்டை நெருங்கியது. சாக்பீஸ் வட்டத்துக்குள் போட்டபோது ஐந்தோடு நின்றுவிட்டது.

"பத்துக்கு எட்டு வந்தா நல்ல கல்லு" என்றார் மாமா. "நீ அடிக்கிற அடியைக் கல்லு முழுங்கிட்டா இரும்பு நீளாது, கைதான் வலிக்கும். திருப்பிக் குடுக்கணும். இங்க பாரு." மூலையில் கிடந்த ஒரு புதுக் கல்லைக் காட்டினார். யாரோ ஆன்லைனில் மலிவாக வாங்கிவிட்டு, விளிம்பு பொடிந்துபோக இங்கே கொண்டு வந்து போட்டதாம். பார்க்க எங்கள் கல்லைவிட நூறு மடங்கு அழகு. நீலப் பெயின்ட், கூர்மையான விளிம்பு. குண்டை அதன் மேல் விட்டான் பேரன். மூன்று அங்குலம்கூட எழவில்லை. வெறும் வார்ப்பிரும்பு.

அடுத்து ஓர் அரத்தை எடுத்துத் தளத்தின் மேல் இழுத்தார். கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கியது. "தீயில மாட்டுன கல்லா இருந்தா அரம் கடிக்கும். வீடு எரிஞ்சு, பட்டறை எரிஞ்சு வந்த கல்லு நிறைய உண்டு. பாக்க முழுசா இருக்கும், தோய்ச்சல் போயிருக்கும்." மூக்குக்கும் தளத்துக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அங்கே அரம் லேசாகக் கடித்தது. நான் பதறினேன். அது அப்படித்தான் இருக்க வேண்டுமாம். உளி வைத்து இரும்பைத் துண்டிக்கிற இடம் அது. கெட்டியாக இருந்தால் உளி முனை போய்விடும். வால் பக்கத்துச் சதுர ஓட்டை உளி, அச்சு போன்ற கருவிகளைச் சொருகி நிறுத்த. பக்கத்துச் சின்ன வட்ட ஓட்டை, லாடத்தில் ஆணித்துளை போடுவதற்கு.

பிறகுதான் என் கேள்விக்கு வந்தேன். காரைக்குடியில் சொன்னதைச் சொன்னேன். கிரைண்டர் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிட்டார்.

இரும்பு ஸ்கேலைத் தளத்தின் குறுக்கே நிறுத்தி, அடியில் டார்ச் அடிக்கச் சொன்னார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. "குழி ஒரு நூலு." நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பக்கவாட்டுக் கோட்டிலிருந்து தகட்டின் கனத்தை அளந்தார். விளிம்பில் நாலு நூல், குழிந்த நடுவில் மூன்று. "மட்டமா ஆக்கணும்னா சுத்தியிருக்க மேட்டை எல்லாம் ஒரு நூலு ராவணும். நாலு மூணாயிரும். கிரைண்டர்காரன் அதோட நிறுத்துவானா? பளபளன்னு ஆக்குறேன்னு இன்னும் ஒரு நூலு போயிரும். அப்புறம் இது கல்லு இல்ல, பொம்மை. அந்த விட்டுப்போன மூலையிலதான் மொதல்ல தகடு பேத்துக்கும். விளிம்புல வெல்டிங் வச்சாலும் அந்தச் சூட்டுல சுத்தியிருக்க தோய்ச்சல் போயிரும்." பக்குவம் தெரிந்தவர்கள் கல்லை முன்கூட்டியே சூடேற்றி, அதற்கான ராடு போட்டு வெல்டிங் வைப்பார்கள் என்றும், இரண்டு மணி நேரத்தில் செய்யும் ஆளை நம்பாதே என்றும் சொன்னார்.

"குழி இருக்கே ஐயா?"

"குழி இருக்கட்டுமே. தோய்ச்சல் போட்டு எடுத்தா அரிவாள் நெளியும். மட்டமான கல்லுல வச்சு அடிச்சா நெளிவு எடுக்க முடியாது. ஒரு பொடி பள்ளம் இருந்தாத்தான் அந்தப் பக்கம் கொஞ்சம் வளைச்சு, திரும்பி நேராக்கலாம். என் கல்லைப் பாரு, எதுக்குக் குழிஞ்சிருக்கு?" உடைந்த விளிம்பும் அவருக்குப் பெரிய குறையாகப் படவில்லை. எதிர்ப்பக்கத்து விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு நல்லபடியாக இருக்கிறது, அது போதும் என்றார். கூர்மையான விளிம்பு, பழுத்த இரும்பில் வெட்டுக் காயம் போட்டுவிடுமாம். நல்ல கொல்லன் புதுக் கல்லின் விளிம்பைத் தானே கொஞ்சம் மழுக்கிக்கொள்வானாம்.

உடைந்த பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே, "இது ஒரே பக்கமாத்தான் உடைஞ்சிருக்கு. எதுத்தாப்புல நின்னு சம்மட்டி போட்ட ஆளு கத்துக்குட்டி. அடி தள்ளித் தள்ளி விழுந்திருக்கு. யாரு வீட்டுப் பிள்ளையோ" என்றார்.

அக்காவுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவைச் சம்மட்டி போட நிறுத்திருவாராம் தாத்தா. அழுதுக்கிட்டே அடிப்பாராம். அப்பத்தா சொல்லும்" என்றாள். எனக்கு இது தெரியாது. அந்த விளிம்பை உடைத்தது அப்பாதான் என்று சொல்ல எந்தச் சாட்சியும் இல்லை. கொள்ளுத்தாத்தா வாங்கும்போதே உடைந்திருக்கலாம். ரயில்வேயில் கத்துக்குட்டிகளுக்கா பஞ்சம்? ஆனாலும் அதற்குப் பிறகு அந்த இடத்தில் கை வைத்தபோது வேறு மாதிரி இருந்தது.

மாமா கேட்காமலேயே உலையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். லாரி ஸ்பிரிங் பட்டை. திருப்பாச்சேத்தி அரிவாளின் மூலப்பொருள் அதுதான். குறட்டில் பிடித்து எங்கள் கல்லின் நடுவில் வைத்தார். மகன் சம்மட்டியோடு எதிரே வந்து நின்றார். மாமா சின்னச் சுத்தியலால் இடத்தைக் காட்ட, சம்மட்டி அந்த இடத்தில் இறங்கியது. கணீர், கணீர். செம்மஞ்சள் நிறத்தில் இருந்த பட்டை நாலைந்து அடியில் நாக்கு மாதிரி நீண்டது. நிறம் மங்கியதும் திரும்ப உலைக்குப் போனது. எவ்வளவு வருஷம் கழித்து அந்தக் கல் இந்தச் சத்தத்தைப் போடுகிறதோ. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எங்கள் வீட்டுப் பட்டறைக்கல்லின் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

"என்ன விலை போகும் ஐயா?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "நான்னா பதினஞ்சு தருவேன். அதுக்கு மேல எங்கிட்ட இல்ல. மூக்கு எனக்குப் பெரிசா வேலைக்கு ஆகாது. கேட்டு, ஜன்னல் கம்பி வளைக்கிறவன், இந்த வேலையை ஆசைக்குக் கத்துக்கிறவன்லாம் மூக்குக்காகவே கூடக் குடுப்பான். மூலை விட்டுப்போனதைச் சொல்லி வித்துக்க. சொல்லாம விக்காத."

2,136. பதினாலாயிரம், கிரைண்டர் போட்டால் இருபது. பதினைந்தாயிரம். இரும்பு வியாபாரி எடைக்குச் சொன்னார். காரைக்குடிக்காரர் தோற்றத்துக்குச் சொன்னார். யாரும் ஏமாற்றவில்லை, அவரவர் விற்கப்போகும் பொருளுக்கு விலை சொன்னார்கள். அதில் வேலை செய்து பார்த்துவிட்டு விலை சொன்னவர் மாமா ஒருவர்தான். கையில் வருகிற காசுக்கும் அதிகபட்ச விலைக்கும் ஐயாயிரம் வித்தியாசம். ஆனால் அந்த ஐயாயிரத்துக்காகத் தளத்தை ராவினால், அதற்குப் பிறகு அது யாருக்கும் பட்டறைக்கல்லாக இருக்காது.

மூன்று பேரும் போனில் பேசினோம். தம்பி கொஞ்சம் கோபப்பட்டான். அவன் மகளுக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம்; அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அவன் பங்குக்கு ஐயாயிரத்தை அங்கேயே நின்று ஜிபேயில் அனுப்பினேன். அக்கா, "எனக்குக் காசு வேணாம், சென்னை ஃபிளாட்ல கொண்டுபோய் வச்சு அது மேல பூச்சட்டி வச்சிராத" என்றாள். அந்த யோசனை எனக்கு இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

கடைசியில் விற்கவில்லை. மாமாவிடமே விட்டுவிட்டு வந்தேன். அவர் அடிக்கும் வரை அவரிடம் இருக்கும். அவருக்குப் பிறகு மகனோ பேரனோ அடித்தால் அவர்களிடம். யாரும் அடிக்கவில்லை என்றால் எங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். சாக்பீஸ் போட்ட மூலையில் மட்டும் யாரும் சம்மட்டி போடக்கூடாது. சும்மா வாங்கிக்கொள்ள மாமாவுக்கு மனசில்லை. "வாடகை வேணாமா?" என்று இரண்டு முறை கேட்டார். எங்கள் மூன்று வீட்டுக்கும் அந்தக் கல்லிலேயே அடித்து ஆளுக்கொரு அரிவாள்மனை செய்து தரச் சொன்னேன். நோட்டில் என் பெயர், ஊர், போன் நம்பர் எழுதிவிட்டு, 'மூன்று அரிவாள்மனை' என்று பேரன் குறித்துக்கொண்டான்.

திரும்பும்போது வண்டி காலியாக இருந்ததால் சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் தூக்கித் தூக்கிப் போட்டது. மானாமதுரை தாண்டும்போது அக்கா திரும்பக் கூப்பிட்டாள்.

"அரிவாள்மனை சொன்னியே, தேங்காய் துருவுற நாக்கு வச்சதா, வைக்காததா?"

கேட்க மறந்துவிட்டேன். டிரைவர் தம்பி வண்டியை ஓரம் கட்டி, மாமாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார்.